ஹாம் பேண்டில் அத்துமீறும் சிக்னல்: கண்டுபிடிப்பது முதல் புகார் கொடுப்பது வரை, வேலூர் வட்டாரத்துக்கான வழிகாட்டி

டூ மீட்டரில் (144 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உள்ள ஹாம் பேண்ட்) யாரோ கால்சைன் (லைசென்ஸோடு கிடைக்கும் அடையாளப் பெயர்) சொல்லாமல் பேசுகிறார்கள், அல்லது நாற்பது மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உள்ள ஷார்ட்வேவ் பேண்ட்) முழுக்க ஒரே இரைச்சல். புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் உடனே மைக்கை அழுத்தித் திட்டுகிறார்கள், இல்லையென்றால் வாட்ஸ்அப் குழுவில் யார் மேலாவது பழி போடுகிறார்கள். இரண்டாலும் அந்தச் சிக்னல் நிற்பதில்லை. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் பக்கம் ஹாம் ரேடியோவுக்கு, அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதற்கு, புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். முதல் மூன்று படிகளிலேயே பெரும்பாலான "அத்துமீறல்கள்" அத்துமீறலே இல்லை என்று தெரிந்துவிடும்.

1. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் லைசென்ஸ். ஹாம் ரேடியோ கருவியை வைத்திருப்பதற்கே நம் நாட்டில் அனுமதி வேண்டும். லைசென்ஸ் இல்லாத ஒருவர் அடுத்தவரைப் பற்றிப் புகார் எழுதினால் முதல் கேள்வி அவரிடமே வரும்.

பேட்டரியில் ஓடும் ஒரு ரிசீவர் வேண்டும். கைசெட் (கையில் பிடித்துப் பேசும் வாக்கி டாக்கி) போதும், ஆனால் சிக்னல் அளவைக் காட்டும் மீட்டர் இருந்தால் நல்லது. மலிவான கைசெட்டுகளில் அந்தக் கோடுகள் ஒன்றுமில்லை அல்லது முழுசு என்றுதான் காட்டும். அதை நம்பித் திசை பார்க்க முடியாது, காதையும் இரைச்சலின் அளவையும்தான் நம்ப வேண்டும்.

கூடவே ஒரு நோட்டு, திசைகாட்டி, வரைபடம், ஒலிப்பதிவு செய்ய ஒரு போன். போனில் உள்ள திசைகாட்டியைக் கைசெட்டின் ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள், அதில் உள்ள காந்தம் முள்ளை இழுத்துவிடும். நம் பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் 2 டிகிரிக்குள்தான். திருத்தம் போடத் தேவையில்லை.

டூ மீட்டருக்கு ஒரு மூன்று கம்பி யாகி ஆன்டெனா (நீட்டிய திசையில் பலமாகக் கேட்கும் ஆன்டெனா) செய்துகொள்ளுங்கள். ஓர் அங்குல அகலமுள்ள இரும்பு அளவு டேப்பும் பிளம்பிங் குழாயும் போதும். பின் கம்பி 105 செ.மீ., முன் கம்பி 89 செ.மீ., நடுவில் தலா 45 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டுகள். பின்னிலிருந்து நடுவுக்கு 20 செ.மீ., நடுவிலிருந்து முன்னுக்கு 32 செ.மீ. இடைவெளி. நடுவில் உள்ள இரு துண்டுகளையும் 13 செ.மீ. ஒயரை யு போல வளைத்து இணைத்து, அதே இடத்தில் கேபிளைப் பற்றவையுங்கள். டேப்பின் மேல் உள்ள பெயின்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்த பிறகுதான் ஈயம் பிடிக்கும். அவசரத்தில் பெயின்ட் மேலேயே பற்றவைத்துவிட்டு "ஆன்டெனா வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

2. உங்கள் வீட்டை முதலில் சோதியுங்கள்

இரைச்சல் வந்தால் அது எங்கிருந்தோ வருகிறது என்று நினைப்பது இயல்பு. பாதிக்கு மேல் அது நம் வீட்டுக்குள்ளிருந்தே வரும். எல்.இ.டி. பல்ப், மொபைல் சார்ஜர், ஃபைபர் இன்டர்நெட் பெட்டியின் அடாப்டர், மாடியில் உள்ள சோலார் இன்வெர்ட்டர் எல்லாவற்றிலும் வேகமாக அணைந்து எரியும் மின்சுற்று ஒன்று இருக்கிறது. அதிலிருந்து கசிவது ஒயர் வழியாகப் பரவி ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரும்.

ரேடியோவைப் பேட்டரியில் ஓட விட்டு, வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். புதியவர்கள் தவறுவது இங்கேதான்: மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைன் ஓடிக்கொண்டிருக்கும். ஹால் லைட், ஃபேன், ஃபைபர் பெட்டி எல்லாம் அதில்தான் இருக்கும். இன்வெர்ட்டரையும் முழுதாக நிறுத்திய பிறகுதான் சோதனை முழுமையாகும். நின்றபிறகு இரைச்சலும் நின்றால் வீட்டுக்குள்தான் இருக்கிறது. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள், எது போட்டதும் இரைச்சல் திரும்புகிறதோ அந்த லைனில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்.

சத்துவாச்சாரியில் ஒரு நண்பர் வீட்டில் நாற்பது மீட்டர் மாலை ஆனதும் செத்துப்போகும். எதிர்த் தெருவில் யாரோ "மெஷின்" ஓட்டுகிறார்கள் என்று உறுதியாக நம்பியிருந்தார். கைசெட்டை வைத்து அறை அறையாகப் போய்ப் பார்த்தோம். பூஜை அறையில் சாமி படத்தைச் சுற்றிய சீரியல் செட்டின் அடாப்டர். விளக்கு வைக்கும் நேரத்தில் அதையும் போடுவார்கள், இரைச்சலும் தொடங்கும். அடாப்டரை மாற்றியதும் பேண்ட் திறந்துவிட்டது.

வீடு சுத்தம் என்று தெரிந்தால் தெருவைப் பாருங்கள். மின்கம்பத்தில் தளர்ந்த இணைப்பு அல்லது விரிசல் விட்ட பீங்கான் இருந்தால் வரும் இரைச்சல் கரகரவென்று, நொடிக்கு 100 முறை துடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை பொறி தாவுகிறது, அதனால்தான் 100. மழை பெய்தால் அது குறையும் அல்லது மாறும். கம்பத்தைத் தட்டிப் பார்க்கவோ ஸ்டே கம்பியை ஆட்டிப் பார்க்கவோ கூடாது. கம்பத்தின் எண்ணைக் குறித்து மின்வாரிய அலுவலகத்தில் கொடுங்கள்.

ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இருப்பவர்களுக்குத் தோல் தொழிற்சாலை மோட்டார்களின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளும், கிராமங்களில் போர்வெல் மோட்டார்களின் சோலார் டிரைவும் இதே போன்ற சத்தம் தரும். ஷிஃப்ட் நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று நோட்டில் பாருங்கள். காட்பாடி ஜங்ஷன் அருகில் குடியிருந்தால் ரயில் மேல்கம்பியின் 25 கிலோவோல்ட் மின்சாரமும் கணக்கில் உண்டு.

3. ரேடியோவே ஏமாற்றுகிறதா என்று பாருங்கள்

பக்கத்தில் பலமான டிரான்ஸ்மிட்டர் இருந்தால், மலிவான கைசெட்டின் முன்சுற்று திணறி, இல்லாத சிக்னலை இருப்பதாகக் காட்டும். இரண்டு பலமான சிக்னல்கள் உங்கள் ரேடியோவுக்குள்ளேயே கலந்து மூன்றாவது ஒன்று பிறக்கும். பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, டவர்கள் நெருங்கிய இடங்களில் இது சாதாரணம்.

சோதனை எளிது. ஆன்டெனாவுக்கும் ரேடியோவுக்கும் நடுவே 10 டெசிபெல் அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் சிறு கருவி) போடுங்கள். உண்மையான சிக்னல் என்றால் 10 டெசிபெல்தான் குறையும். உள்ளே பிறந்த கலவை என்றால் சுமார் 30 டெசிபெல் சரிந்து காணாமலே போகும். அட்டென்யுவேட்டர் இல்லாதவர்கள் வேறு கம்பெனி ரேடியோவில் அதே அலைவரிசையைக் கேட்டுப் பாருங்கள். இதைச் செய்யாமல் எழுதிய புகாரால் அதிகாரிகளின் நேரம்தான் வீணாகும், அடுத்த முறை நம் புகாரின் மதிப்பும் குறையும்.

டோன் ஸ்குவெல்ச்சை (குறிப்பிட்ட டோனோடு வரும் சிக்னலுக்கு மட்டும் ஸ்பீக்கரைத் திறக்கும் வசதி) போட்டுவிட்டு "பிரச்சினை தீர்ந்தது" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது உங்கள் காதை மட்டும்தான் மூடும். எஃப்.எம்.மில் பலமான சிக்னல்தான் ஜெயிக்கும், நீங்கள் எதிர்பார்க்கும் நண்பரின் குரல் அதன் அடியில் அமுங்கிப்போகும்.

4. அந்த இடம் யாருடையது?

ஹாம்களுக்கு ஒதுக்கிய எல்லா இடங்களும் ஹாம்களுக்கு மட்டுமே சொந்தமில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதும் புகார் முதல் வரியிலேயே விழுந்துவிடும்.

டூ மீட்டர் நம் நாட்டில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. உலகம் முழுக்க அமெச்சூர்களுக்கு, அதாவது ஹாம்களுக்கு, முதலுரிமை உள்ள இடம். இங்கே தெரு வியாபாரப் பேச்சு கேட்டால் அது அத்துமீறல்தான். 146-க்கு மேல் கேட்டால் நமக்கு அதில் பேச்சே இல்லை. சீனக் கைசெட்டுகள் 136 முதல் 174 வரை திறந்திருப்பதால் "என் ரேடியோவில் வருகிறது, ஆகவே என் பேண்ட்" என்று நினைக்கிறார்கள்.

எழுபது சென்டிமீட்டரில் நமக்கு 434 முதல் 438 வரை. அங்கே அமெச்சூர் சேவை இரண்டாம் நிலைதான், முதலுரிமை உள்ளவர்கள் வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும். அதற்குச் சற்றுக் கீழே 433.92-இல் டிக் டிக் என்று விட்டு விட்டு வருவது கார் சாவி ரிமோட், கேட் ரிமோட் போன்றவை. 433 முதல் 434 வரை குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் விலக்கு உண்டு.

நாற்பது மீட்டரில் 7.0 முதல் 7.2 வரை நம்முடையது. 2009 மார்ச் வரை 7.1-க்கு மேல் ஒலிபரப்பு நிலையங்கள் இருந்தன, அதன்பிறகு 7.2 வரை அமெச்சூர்களுக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. ஆனால் 7.2-க்கு மேல் இரவில் பலமாகக் கேட்கும் வெளிநாட்டு ஒலிபரப்பு சட்டப்படியானது. அமெரிக்க ஹாம்களுக்கு அது 7.3 வரை உண்டு என்பதால் இணையத்தில் கிடைக்கும் பேண்ட் அட்டவணையைப் பார்த்துக் குழம்பாதீர்கள், அது அவர்கள் நாட்டுக்கானது. எண்பது மீட்டர் நம் பிராந்தியத்தில் வேறு சேவைகளோடு பகிர்ந்துகொண்ட இடம். அங்கே புரியாத டிஜிட்டல் சத்தம் கேட்டால் அவசரப்படாதீர்கள்.

5. கேளுங்கள், எழுதுங்கள், பதில் பேசாதீர்கள்

இந்தப் படிதான் எல்லோருக்கும் கஷ்டம். "யார் நீங்க, இது ஹாம் பேண்ட்" என்று ஒரு தடவை அழுத்திவிட்டால் அவர்கள் அலைவரிசையை மாற்றிக்கொண்டு போவார்கள், அல்லது வேண்டுமென்றே தொல்லை கொடுக்க ஆரம்பிப்பார்கள். கண்டுபிடிக்கும் வாய்ப்பு அன்றோடு போய்விடும். அவர்கள் மேல் கேரியர் (பேச்சில்லாத வெறும் சிக்னல்) போட்டு அமுக்குவது இன்னும் மோசம், அப்போது வேண்டுமென்றே இடையூறு செய்த லைசென்ஸ்தாரர் நீங்கள்தான்.

கால்சைன் சொல்லவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். உரையாடலின் நடுவில் நீங்கள் சேர்ந்திருக்கலாம். முடியும்வரை காத்திருந்து கேளுங்கள். வி.யு.2, வி.யு.3 என்று தொடங்கும் கால்சைன் முடிவில் வந்துவிட்டால் அவர் நம்மவர். "அண்ணா, ரெண்டாவது கேட்ல லாரி நிக்குது, ஆள அனுப்புங்க" என்றே ஓடிக்கொண்டிருந்தால் சந்தேகம் வேண்டாம். வியாபாரப் பேச்சு லைசென்ஸ் உள்ளவருக்கும் இந்தப் பேண்டில் தடைதான்.

நோட்டில் எழுத வேண்டியவை: தேதி, இந்திய நேரம், கிலோஹெர்ட்ஸ் வரை துல்லியமான அலைவரிசை, எஃப்.எம். அல்லது வேறு முறை, எவ்வளவு பலம், எத்தனை நேரம், எத்தனை குரல்கள், என்ன மொழி, என்ன வகைப் பேச்சு. உங்கள் ரேடியோவில் டோன் தேடும் வசதி இருந்தால் அந்த டோனையும் குறியுங்கள். ஒரே அலைவரிசையில் இரண்டு குழுக்கள் இருந்தால் பிரித்தறிய அதுதான் நல்ல அடையாளம். யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம்) எழுதுகிறவர்கள் 5.30 மணி நேர வித்தியாசத்தை மறக்காமல் எந்த நேரம் என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஒலிப்பதிவு புகாருக்கு மட்டும்தான். நமக்கில்லாத செய்தியைக் கேட்டு வெளியில் பரப்பக் கூடாது என்பது நம் லைசென்ஸ் நிபந்தனை. வாட்ஸ்அப்பில் அந்தக் குரலைப் பரப்புவது உங்களையே குற்றவாளியாக்கும்.

6. திசை பிடிப்பது

வேலூரில் திசை பிடிப்பது சமவெளியில் பிடிப்பதைப் போல இல்லை. ஊரைச் சுற்றி மொட்டைப் பாறைக் குன்றுகள். தெற்கே பாலமதி, ஓட்டேரிப் பக்கத்து மலைகள், கிழக்கே ரத்தினகிரி, தென்மேற்கே போகப் போக ஜவ்வாது, ஏலகிரி. சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பும். சத்துவாச்சாரியில் நின்று யாகியைச் சுழற்றினால் பலமான திசை தெற்கே மலையைக் காட்டும், பேசுகிறவரோ பாலாற்றுக்கு வடக்கே காட்பாடியில் இருப்பார். நேர்வழியைக் கட்டடங்கள் மறைத்திருக்கும், மலை வழி திறந்திருக்கும். அதனால் ஒரே இடத்தில் பிடித்த திசையை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள்.

நல்ல இடம் என்றால் திறந்த வெளி. தண்ணீர் இல்லாத நாட்களில் பாலாற்று மணல் அருமையான இடம்: சுற்றிலும் இரும்பு இல்லை, கம்பி இல்லை. ரயில் மேல்கம்பி, உயர் அழுத்த மின்கோபுரம், செல்போன் டவர், தகரக் கொட்டகை இவற்றின் அருகில் பிடிக்கும் திசை பொய் சொல்லும். ஒரே இடத்தில் பத்து அடி நகர்ந்து மறுபடி பிடியுங்கள். திசை அப்படியே இருந்தால் நம்பலாம், தாவினால் அது பிரதிபலிப்பு.

யாகி இல்லாதவர்கள் உடம்பையே மறைப்பாகப் பயன்படுத்தலாம். கைசெட்டை மார்போடு ஒட்டிப் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சிக்னல் மிகவும் குறைந்து இரைச்சல் கூடும் நிலையில், அனுப்புகிறவர் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறார். பலமான திசையைவிடக் குறைந்த திசைதான் கூர்மையாகத் தெரியும்.

குறைந்தது மூன்று இடங்களில் இருந்து கோடு போடுங்கள். வாக்கி டாக்கிப் பேச்சு ஐந்து பத்து நொடிதான் இருக்கும், ஒருவரே ஓடி ஓடிப் பிடிக்க முடியாது. பாகாயத்தில் ஒருவர், காட்பாடி காந்தி நகரில் ஒருவர், விரிஞ்சிபுரம் பக்கம் ஒருவர் என்று நின்று ஒரே நேரத்தில் பிடித்தால் வேலை வேகமாக முடியும். அப்போது ஒருவருக்கொருவர் போனில் பேசுங்கள். ரேடியோவில் "பாகாயத்தில் நூற்றிருபது டிகிரி" என்று சொன்னால் அதை அவர்களும் கேட்பார்கள்.

மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் சேராது, ஒரு சின்ன முக்கோணம் கிடைக்கும். அதற்குள் போனதும் சிக்னல் எல்லாத் திசையிலும் முழுசாக அடிக்கும். அதைக் குறைக்க ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், அல்லது அலைவரிசையை 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வையுங்கள். இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது: மூன்றாம் மடங்கைக் கேட்பது. அவர்கள் 145.250-இல் பேசினால் உங்கள் கைசெட்டில் 435.750-ஐ வையுங்கள். மலிவான டிரான்ஸ்மிட்டரிலிருந்து கசியும் அந்த மூன்றாம் மடங்கு மிகவும் பலவீனமானது, பக்கத்தில் வந்தால்தான் காதில் விழும். அது கேட்கத் தொடங்கினால் நீங்கள் அந்தத் தெருவை நெருங்கிவிட்டீர்கள்.

ஷார்ட்வேவ் பேண்டுகளுக்கு இந்த முறை உதவாது. அங்கே முதலில் இணையத்தில் உள்ள பொது ரிசீவர்களைத் திறந்து, வேறு ஊர்களிலும் அதே நேரத்தில் அதே சத்தம் கேட்கிறதா பாருங்கள். உங்களுக்கு மட்டும் கேட்டால் அது உள்ளூர், படி 2-க்குத் திரும்புங்கள். எல்லா ஊரிலும் கேட்டால் வானத்தில் பட்டு வருகிறது. அப்படி வருவனவற்றில் பல, தொடுவானத்துக்கு அப்பால் பார்க்கும் ரேடார்கள். பல கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு மோட்டார் போல உறுமும். அதைக் கண்டுபிடிப்பது நம் தெருவில் முடியாத வேலை, பதிவு மட்டும் செய்யுங்கள்.

7. இடம் தெரிந்த பிறகு

வாசலில் போய் நிற்காதீர்கள். கருவியைப் பறிக்கவோ, படம் எடுக்கவோ, உள்ளே நுழையவோ ஹாம் லைசென்ஸ் அதிகாரம் தரவில்லை. பொதுச் சாலையில் நின்று இடத்தின் குறியீட்டை எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள். மெகாஹெர்ட்ஸ் என்றால் என்னவென்றே தெரியாத வாட்ச்மேனிடம் சண்டை போட்டு எந்தப் பயனும் இல்லை. கடைக்காரர் போட்டுக் கொடுத்த அலைவரிசையில் அவர் பேசிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

8. புகார்

அலைவரிசைகளைக் கண்காணிப்பது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் உள்ள வயர்லெஸ் மானிட்டரிங் ஆர்கனைசேஷன். சென்னையில் அதன் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. லைசென்ஸ் கொடுப்பது அதே துறையின் டபிள்யூ.பி.சி. (வயர்லெஸ் பிளானிங் அண்ட் கோஆர்டினேஷன்) பிரிவு. புகாரைக் கண்காணிப்பு நிலையத்துக்கு அனுப்பி, நகலை டபிள்யூ.பி.சி.க்குக் கொடுங்கள். ஷார்ட்வேவில் வெளிநாட்டுச் சிக்னல் என்றால் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்கு எழுதலாம். அது உலக அமெச்சூர் ரேடியோ ஒன்றியத்தின் இந்திய உறுப்பு, அந்த ஒன்றியத்துக்கு அத்துமீறல்களைத் தொகுக்கும் தனி ஏற்பாடு இருக்கிறது.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். உங்கள் கால்சைன், அலைவரிசை, வழக்கமாகக் கேட்கும் நேரம், நோட்டின் நகல், மூன்று திசைகளும் நின்ற இடங்களும், வீட்டுச் சோதனையும் அட்டென்யுவேட்டர் சோதனையும் செய்ததாக ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பார்த்ததும் எழுதியவருக்கு வேலை தெரியும் என்று படிக்கிறவருக்குப் புரிந்துவிடும். யார் என்று பெயர் எழுதாதீர்கள். இடத்தை மட்டும் எழுதுங்கள். பெயரை உறுதி செய்வது அதிகாரிகளின் வேலை.

எந்த நேரத்தில் பேசுகிறார்கள் என்ற அட்டவணைதான் புகாரில் மிக முக்கியமானது. கண்காணிப்பு நிலையத்தினர் வண்டியோடு வருவதற்குள் சிக்னல் நின்றுவிட்டால் பயணம் வீண். "திங்கள் முதல் சனி வரை, காலை 9 முதல் 10.30" என்று எழுத முடிகிற அளவுக்குக் கேட்ட பிறகு அனுப்புங்கள். விமானப் பேச்சு நடக்கும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் யாராவது பேசுவது தெரிந்தால் மட்டும் இந்தப் பொறுமை வேண்டாம், அன்றைக்கே தெரிவியுங்கள்.

9. தெரியாமல் வாங்கியவர் உங்களிடமே வந்தால்

கல்யாண மண்டபம், கட்டட வேலை, திருவிழாப் பந்தோபஸ்து என்று ஆன்லைனில் வாங்கிய கைசெட்டோடு யாராவது உங்களிடம் "அண்ணே, இதுக்கு பிரீக்வன்சி போட்டுக் குடுங்க" என்று வருவார்கள். போட்டுக் கொடுக்காதீர்கள், ஆனால் விரட்டவும் வேண்டாம். சட்டப்படியான வழி இருக்கிறது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்தி வாக்கி டாக்கிகளுக்கு 2018 விதிகளின்படி லைசென்ஸ் வேண்டியதில்லை. அதற்கென்று தயாரித்து, அரசின் கருவி ஒப்புதல் பெற்ற செட்டாக இருக்க வேண்டும். சீனக் கைசெட்டை 446-இல் வைத்துக்கொண்டால் அது சட்டப்படியானதாகிவிடாது. எந்த அலைவரிசையில் இயங்குகிறது என்று தெரிவிக்காமல் ஆன்லைன் தளங்களில் வாக்கி டாக்கி விற்பதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. வாங்கும் முன் அலைவரிசையையும் ஒப்புதலையும் கேட்கச் சொல்லுங்கள்.

வந்தவருக்கு ரேடியோவிலேயே ஆர்வம் என்றால் தேர்வு எழுதச் சொல்லுங்கள். 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு (தொடக்க நிலை) மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிக் குறியீடு) தேவையில்லை, ரேடியோ அடிப்படையும் விதிகளும் படித்தால் போதும். விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில். தேர்வில் தேறியதோடு பேசத் தொடங்கிவிடக் கூடாது, சான்றிதழ் வேறு, லைசென்ஸ் வேறு. இரண்டாவதற்குத் தனியாக விண்ணப்பித்து, கால்சைன் கையில் வந்த பிறகுதான் மைக்கை அழுத்தலாம். அதுவரை உங்கள் நிலையத்துக்கு வந்து உட்கார்ந்து கேட்கட்டும், நோட்டு எழுதட்டும். அடுத்த முறை திசை பிடிக்கப் போகும்போது பாகாயத்தில் நிற்க உங்களுக்கு ஓர் ஆள் வேண்டும்.